முழுதானியத்துக்கு மாறியும் காலை உணவுக்குப் பின் சர்க்கரை குறையவில்லை

தானியத்தின் வகையை மாற்றினால் மட்டும் போதாது. அளவையும் குறைக்க வேண்டும். நீங்கள் எழுதியதுபோல், சர்க்கரை நோயுள்ள உங்கள் தந்தை முழுதானியத்துக்கு மாறியும் காலை உணவுக்குப் பின் ரத்தச் சர்க்கரை 230 (மி.கி./டெ.லி.) காட்டுகிறது என்றால், தட்டில் பாதிக்கு மேல் இன்னும் மாவுச்சத்தே இருக்கக்கூடும். கூடவே பழச்சாறு குடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நார்ச்சத்து நீங்கிய அதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். பழத்தை முழுதாகவே உண்ணட்டும்.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், மீதிக் கால் தானியம் என்று மாற்றி, முதல் கவளத்துக்கு முன்பும் அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் அளந்து பாருங்கள். பலருக்கும் இந்த இரண்டாவது அளவு 180-க்குக் கீழ் என்பதே இலக்கு. (விரலைக் கழுவி உலர்த்திய பின் அளக்கவும், பழம் நறுக்கிய கை பொய்யாக உயர்த்திக் காட்டும்.)

அவர் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவராயின், மாவுச்சத்தைக் குறைக்கும் முன் மருந்தளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையெனில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும் அபாயம் உண்டு.