அமெரிக்க ஃபெடரல் அரசுக்கு விற்க விரும்பும் சிறு நிறுவனம் எந்த அலுவலகத்தை முதலில் அணுக வேண்டும்?

மேரிலாந்தில் சிறு நிறுவனம் நடத்துவதாகவும், அரசுக்கு விற்பவர்கள் பதிவு செய்துகொள்ளும் சாம் (SAM.gov) தளத்தில் பதிவு முடிந்துவிட்டதாகவும், இத்தனை அரசுத் துறைகளுள் எதை முதலில் அணுகுவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்த்து அளவுத்திருத்தம் செய்து தரும் சிறு நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக ஃபெடரல் விற்பனையைக் கவனித்து வருகிறேன். முதல் ஆண்டில், எங்கள் தொழிற்குறியீட்டில் எந்தக் கொள்முதல் அறிவிப்பு வந்தாலும் விலைப்புள்ளி கொடுத்தோம். பதினான்கு முறை கொடுத்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எங்களை முன்பின் அறியாத அலுவலகங்களுக்கு, வேலையின் தன்மை முன்பே முடிவாகிவிட்ட பிறகு விலை அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது பின்னர்தான் புரிந்தது.

ஃபெடரல் அரசு ஒப்பந்தங்களுக்கு ஆண்டுக்கு 70,000 கோடி டாலருக்கும் மேல் செலவிடுகிறது. அதில் பாதிக்கு மேல் பாதுகாப்புத் துறையினுடையது. இந்தத் தொகையைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். துறை எதையும் வாங்குவதில்லை. அதற்குள் இருக்கும் ஒரு கொள்முதல் அலுவலகமும், கையெழுத்திடும் அதிகாரம் பெற்ற ஒரு கொள்முதல் அதிகாரியுமே வாங்குகிறார்கள். முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு ஏறத்தாழ 170 மருத்துவ மையங்கள் உள்ளன. அங்கே ஒரு கருவி பழுதானால் அதை உணர்பவர் ஆய்வகத் தொழில்நுட்பர்; ஆனால் ஒப்பந்தம் போடுவது பெரும்பாலும் அந்த வட்டாரத்துக்கான கொள்முதல் அலுவலகம். சில வேளைகளில் பணம் ஓர் அமைப்பினுடையதாகவும் கையெழுத்து வேறோர் அமைப்பினுடையதாகவும் இருக்கும். அரசுச் செலவு விவரங்களை வெளியிடும் யூஎஸ்ஏ ஸ்பெண்டிங் (USAspending.gov) தளத்தில் நிதி தரும் அமைப்பும் ஒப்பந்தம் வழங்கும் அமைப்பும் தனித்தனியே காட்டப்படுவது இதனால்தான். அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அணுக வேண்டிய அலுவலகங்களின் பட்டியல் எதையும் தயாரிக்க வேண்டாம்.

அந்தத் தளத்தில் தேடும்போது நேக்ஸ் (NAICS) எனப்படும் தொழிற்குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். அது விற்பவரின் தொழிலைச் சொல்வது. எங்களுடைய 811210 என்ற எண்ணில் கணினி பழுதுபார்ப்பவரும் நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவரும்கூட அடங்குவர். பிஎஸ்சி (PSC) எனப்படும் பொருள்-சேவைக் குறியீடுதான் அரசு எதை வாங்கியது என்பதைச் சொல்லும். ஆய்வகக் கருவிப் பராமரிப்புக்கு அது ஜே066. அதைக் கொண்டு கடந்த ஐந்தாண்டு ஒப்பந்தங்களை எடுத்து, அலுவலகவாரியாகப் பிரித்தபோது எங்களுக்குத் தெளிவு பிறந்தது. மொத்தத் தொகையைவிட, ஓர் அலுவலகம் எத்தனை வெவ்வேறு நிறுவனங்களுக்கு வேலை கொடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருவியைத் தயாரித்த நிறுவனத்துக்கே ஆண்டுதோறும் போட்டியின்றி ஒப்பந்தம் போகும் அலுவலகம் எவ்வளவு பெரியதானாலும் அங்கே உங்களுக்கு இடமில்லை.

ஒப்பந்தத்தின் அளவும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டியது. 2025 அக்டோபர் முதல் 15,000 டாலருக்கு மேல் 3,50,000 டாலர் வரையிலான கொள்முதலை, நியாயமான விலையில் தரக்கூடிய சிறு நிறுவனங்கள் குறைந்தது இரண்டு முன்வரும் என்று எதிர்பார்க்க முடிந்தால், சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பது பொது விதி. உங்களைப் போன்றவர்களுக்கு உரிய களம் அதுவே. 15,000 டாலருக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் அரசின் கடன் அட்டையில் வாங்கப்படுவதால் அந்தத் தளத்தில் தனித்தனியாகத் தென்படுவதில்லை. ஆகவே தரவில் இல்லாததை வாங்கவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஒதுக்கீட்டு விதிகளையும் துறைவாரியாகப் படிக்க வேண்டும். நாங்கள் முதலில் படைவீரர் நலத்துறையையே பெரிதாக நம்பியிருந்தோம். அங்கே முன்னாள் படைவீரர்களின் நிறுவனங்களுக்குச் சட்டப்படி முன்னுரிமை உண்டு. 2016இல் கிங்டம்வேர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. நாட்டுக்காக உடலை வருத்தியவர்களுக்கு அந்த முன்னுரிமை கிடைப்பது சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் எங்கள் உரிமையாளர் படைவீரர் அல்லர் என்பதால், எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்க வேண்டிய அலுவலகம் அதுவன்று. உங்கள் நிறுவனம் அந்தத் தகுதி உடையதானால் இதே காரணத்தால் அதை முதலில் வையுங்கள்.

அடுத்தது காலம். பணி ஒப்பந்தங்கள் பல, ஓர் அடிப்படை ஆண்டும் நான்கு நீட்டிப்பு ஆண்டுகளுமாக அமைகின்றன. முடிவுத் தேதி அந்தத் தளத்திலேயே இருக்கும். அதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு முன்பே அந்த அலுவலகத்துக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். 'சோர்சஸ் சாட்' எனப்படும் சந்தை விசாரணை அறிவிப்பு வரும்போது தவறாமல் பதில் எழுதுங்கள், ஏனெனில் வேலையைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கலாமா என்பதை அந்தப் பதில்களைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிவதால், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அறிமுகத்துக்காகத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம், குளிர்காலத்தில் அழையுங்கள். துறைதோறும் சிறு நிறுவனங்களுக்கான அலுவலகம் உண்டு. அரசுக்கு விற்க விரும்பும் நிறுவனங்களுக்கு உதவும் ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் (APEX Accelerator) மையங்கள் பெரும்பாலும் கட்டணமின்றியே வழிகாட்டுகின்றன.

எத்தனை அலுவலகங்கள் என்று கேட்டால், மூன்று போதும் என்பேன். எங்கள் முதல் ஒப்பந்தம், காரில் நாற்பது நிமிடத் தொலைவில் இருந்த ஓர் ஆய்வு நிலையத்தின் உறைகலன்களுக்கான (ஃப்ரீசர்) 28,000 டாலர் வேலை. அந்த அலுவலகம் தொகைவரிசையில் எங்கோ கீழே இருந்தது. ஆனால் ஐந்தாண்டுகளில் நான்கு சிறு நிறுவனங்களுக்கு வேலை கொடுத்திருந்தது. தேர்ந்தெடுத்த அலுவலகத்தில் தோற்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சிறு கொள்முதலிலும் சுருக்கமான விளக்கம் கேட்கலாம். விலை காரணமென்றால் அடுத்த முறையும் முயலுங்கள். உங்களிடம் இல்லாத சான்றிதழோ முன்னனுபவமோ காரணமென்று இரண்டாம் முறையும் பதில் வந்தால், அந்த அலுவலகத்துக்கு ஏற்கெனவே வேலை செய்யும் பெரிய நிறுவனத்திடம் துணை ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள்; உங்கள் மூன்றில் ஓர் இடத்தை வேறோர் அலுவலகத்துக்குக் கொடுங்கள்.