ஐரிஷ் பாரம்பரிய இசை வாசிக்க எந்த பட்டன் அக்கார்டியன் வாங்கலாம்: பி/சி-யா, சி ஷார்ப்/டி-யா?

நான் வாசிப்பது பி/சி. ஆனாலும் எல்லோரும் அதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டிலும் இரண்டு வரிசை பட்டன்கள். வரிசைகளின் சுருதிதான் பெயர்: பி/சி என்றால் ஒரு வரிசை பி, மற்றது சி. வரிசைகளுக்கு நடுவே அரை ஸ்வர இடைவெளி. பன்னிரண்டு ஸ்வரங்களும் இரண்டிலும் கிடைக்கும். அதனால் எதில் எல்லா ஸ்கேலும் வாசிக்கலாம் என்று பார்ப்பதில் பயனில்லை. துருத்தி எங்கே திசை மாறுகிறது என்று பாருங்கள். வாசிப்பின் துள்ளலும் வழுக்கலும் அங்கிருந்துதான் வருகின்றன. மௌத் ஆர்கனில் ஊதினால் ஒரு ஸ்வரம், உறிஞ்சினால் வேறு ஸ்வரம் வருகிற மாதிரி, இதில் ஒரே பட்டன் தள்ளும்போது ஒன்றும் இழுக்கும்போது இன்னொன்றும் பேசும்.

ஐரிஷ் மெட்டுகளில் டி, ஜி ஸ்கேல்கள்தான் அதிகம். ஃபிடிலுக்கும் மரப்புல்லாங்குழலுக்கும் அவைதான் கைக்கு வாகு. டி மேஜரை இரண்டு பெட்டியிலும் வாசித்துப் பார்ப்போம்.

சி ஷார்ப்/டி-யில் ஸ்கேல் முழுக்க டி வரிசையிலேயே இருக்கிறது. டி தள்ளு, இ இழு, எஃப் ஷார்ப் தள்ளு, ஜி இழு, ஏ தள்ளு, பி இழு, சி ஷார்ப் இழு, மேல் டி தள்ளு. எட்டு ஸ்வரத்துக்குள் துருத்தி ஆறு முறை திரும்புகிறது.

பி/சி-யில் டி இழு. இ, எஃப் ஷார்ப், ஜி மூன்றும் தள்ளு. ஏ, பி, சி ஷார்ப், மேல் டி நான்கும் இழு. இரண்டே திருப்பம். ஆனால் எஃப் ஷார்ப்புக்கும் சி ஷார்ப்புக்கும் விரல் பி வரிசைக்குத் தாவ வேண்டும். துருத்திக்கு வேலை குறைகிறது, விரலுக்குக் கூடுகிறது.

இந்த வித்தியாசம் காதில் உடனே தெரியும். டிப்பரரி மாவட்டம் நீனாவைச் சேர்ந்த பேடி ஓ'பிரையன் 1954-ல் வெளியிட்ட இசைத்தட்டுகளுக்குப் பிறகுதான் பி/சி பாணி அயர்லாந்து முழுக்கப் பரவியது. கால்வே மாவட்டத்தின் ஜோ பர்க் அதைக் கொண்டுபோன உயரம் எனக்கு இன்றும் பிரமிப்பு. ஏ-யில் அவர் வகை ரோல் (ஒரு ஸ்வரத்தைச் சுற்றி அண்டை ஸ்வரங்களைத் தொட்டு வரும் அலங்காரம்) ஒன்றைப் பாருங்கள்: ஏ, பி, ஏ, ஜி ஷார்ப், ஏ. ஐந்தும் இழுப்பிலேயே வந்துவிடுகின்றன. துருத்தி நிற்காமல் விரல் மட்டும் உருள்கிறது. ஷேரன் ஷேனன் வாசிப்பதும் பி/சி-தான்.

அந்தப் பக்கம் ஜாக்கி டேலி. கார்க், கெர்ரி எல்லையில் இருக்கும் ஸ்லீவ் லூக்ரா பகுதியின் போல்கா, ஸ்லைடு என்ற நடன மெட்டுகளை அவர் சி ஷார்ப்/டி-யில் வாசிக்கும்போது, ஒவ்வொரு திருப்பமும் ஆடுகிறவர் காலை உதைத்துக் கிளப்புகிறது. ஜோ கூலியின் பெட்டி டி/டி ஷார்ப். அதுவும் இதே தள்ளு இழு வழிதான். அவர் வாசிப்பில் இருக்கும் வேகமான உயிர்ப்பை பி/சி-யில் கொண்டுவர எவ்வளவு முயன்றாலும் அதே மாதிரி வராது. அது அந்தப் பெட்டியின் மூச்சு.

ஒரு விஷயம் கவனியுங்கள். சி ஷார்ப்/டி என்பது பி/சி-யையே ஒரு முழு ஸ்வரம் மேலே ஏற்றியது. பி/சி-யில் சி மேஜர் வாசிக்கும் அதே விரல்கள் இங்கே டி மேஜர் தரும். ஆகவே ஒன்றைப் பழகியவர் மற்றதை எடுத்தால் பட்டன் அமைப்பு பழகியதாகத்தான் இருக்கும், மெட்டுகள்தான் வேறு இடத்துக்குப் போயிருக்கும். தொடங்கும்போதே இரண்டையும் கலக்காதீர்கள்.

இடது கை பாஸில் (துணையாக ஒலிக்கும் கீழ் ஸ்வரங்கள்) சி ஷார்ப்/டி-க்குக் கொஞ்சம் சௌகரியம் அதிகம். பி/சி-யில் கடையில் வரும் பாஸ் டி மெட்டுகளுக்குப் பல இடங்களில் ஒத்து வராது. அதனால் பலர் அதை மாற்றி அமைக்கிறார்கள், அல்லது குறைவாகவே தொடுகிறார்கள்.

டி/ஜி பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். அது இங்கிலாந்து நாட்டுப்புற நடனங்களுக்கு அருமையானது. ஆனால் அதன் முக்கிய பட்டன்களில் ஜி ஷார்ப் இல்லை, ஏ மேஜர் மெட்டு வந்தால் தடுமாறுவீர்கள். அரை ஸ்வர ரோலும் நினைத்தபடி வராது.

என் யோசனை: அருகில் ஆசிரியர் இருந்தால் அவர் வாசிப்பதையே வாங்குங்கள். பாடம் சொல்பவர்களில் பி/சி-க்காரர்கள் அதிகம். தனியாகக் கற்பதென்றால், ஜோ பர்க்கின் ஒரு ரீல் நடன மெட்டையும் ஜாக்கி டேலியின் ஒரு போல்காவையும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். எதைக் கேட்கும்போது கை துருதுருக்கிறதோ அந்தப் பெட்டி.

வாங்கும்போது ரீடுகளின் (உள்ளே அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்குகள்) அலைவையும் கேட்டுப் பாருங்கள். ஒரே ஸ்வரத்துக்கான இரண்டு ரீடுகளைச் சற்றே விலக்கிச் சுருதி வைப்பதால் அந்த நடுக்கம் வருகிறது. பழைய பதிவுகளில் அது தூக்கலாக இருக்கும். ஃபிடிலோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அலைவு குறைந்ததையே எடுங்கள்.