தசமபாகம் முதலா, கூலி முதலா?

கேள்வி: திருப்பூரில் பத்துப் பேரை வைத்துச் சிறிய பனியன் தையல் யூனிட் நடத்துகிறேன். கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறோம். பில் பணம் தாமதமாகும் வாரங்களில் சனிக்கிழமைச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்க நேரிடுகிறது. ஆனாலும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான, கர்த்தருக்குரிய தசமபாகத்தை முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன். ஆலயக் கட்டடத்துக்கும் பணம் தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) செய்திருக்கிறேன். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பிற சமயத்தவர். தினமும் ஜெபத்தோடுதான் வேலையைத் தொடங்குகிறோம். அவர்கள் நடுவில் இன்னும் நல்ல சாட்சியாக வாழ நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சகோதரரே, சாட்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன், தள்ளிவைக்கப்படும் அந்தப் பாதிச் சம்பளத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் 13ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நாம் அடிக்கடி பிரசங்கிக்கும் ‘பிறனில் அன்புகூருவாயாக’ என்ற கட்டளை அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்கள் தள்ளித்தான் வருகிறது. உபாகமம் 24ஆம் அதிகாரமோ பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிடச் சொல்லி, அதற்கான காரணத்தையும் கூறுகிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பியே ஆவலோடு காத்திருக்கிறான்.

அந்தக் காத்திருப்பை நான் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் என் தாயார் முந்திரி ஆலையொன்றில் கொட்டை உடைத்தார்கள். தோட்டின் எண்ணெய் பட்டு அவர்களுடைய விரல்நுனிகள் எப்போதும் கறுத்து, தோலுரிந்து கிடக்கும். அரைக்கூலி கிடைத்த சனிக்கிழமைகளில், மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமலிருக்க, தென்னந்தோப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். மறுநாள் ஆலயத்தில் அந்த ஆலை முதலாளி முன்வரிசையில் நின்று காணிக்கை படைப்பதைப் பார்த்து அவர்கள் குறைகூறியதில்லை. ஆனால் பத்து வயதுச் சிறுவனான எனக்கு அன்றைக்கு ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை. உங்களை அவரோடு சேர்த்துப் பேசுவதாக எண்ணிவிடாதீர்கள். மனம் உறுத்தியதால்தானே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள்.

தசமபாகம் உங்களுடைய வருமானத்திலிருந்து கொடுக்க வேண்டியது. பில் பணம் கைக்கு வரும்போது அதில் தையல்காரருக்கும் செக்கிங் செய்பவருக்கும் கைமடிக்கும் பெண்ணுக்கும் சேர வேண்டிய பங்கு உங்கள் வருமானமே அல்ல. சில நாள் உங்கள் பெட்டியில் தங்கியிருக்கும் அவர்களுடைய பணம். அதைக் கொடுத்து முடிக்கும் முன் எடுத்து வைக்கும் காணிக்கையில் அவர்களுடைய பங்கும் கலந்திருக்கிறது. ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் கணக்காகத் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். பிடித்து வைக்கப்பட்ட கூலி தானே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினார். ஆகையால் கூலிதான் முதல். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் வாரக்கூலியை வார விடுமுறைக்கு முன், கடைசி வேலைநாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

கம்பெனி பணம் தராதபோது நீங்கள் எங்கே போவீர்கள் என்பது நியாயமான கேள்வி. பில் வந்த வாரங்களில் ஒரு வாரச் சம்பளத்துக்கான தொகை சேரும்வரை சிறிது சிறிதாகத் தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள். அது சேரும்வரை ஆலயப் பொருத்தனை காத்திருக்கட்டும், உங்கள் நிலைமையை ஆயரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியும் குறைகிற வாரத்தில் சனிக்கிழமை மாலை வரை காத்திராமல், புதன்கிழமையே தொழிலாளர்களிடம் உண்மையைக் கூறி, குறைந்த கூலி வாங்குபவர்களுக்கு முழுவதும் கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டுச் செலவுக்குக் கடைசியாக எடுங்கள்.

காலை ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை: விரும்புகிறவர்கள் மட்டும் அதில் கலந்துகொள்ளட்டும். சம்பளம் கொடுக்கும் முதலாளி அழைத்தால் மறுக்க முடியாமல் நிற்பவர்களும் அவர்களுக்குள் இருக்கக்கூடும்.

லூக்கா 19ஆம் அதிகாரத்தில் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்ன பிறகே, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு கூறினார். உங்கள் சம்பள நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். பாக்கியோடு வேலையை விட்டுப் போனவர்கள் யாரேனும் அதில் இருந்தால், அவர்கள் இப்போது எந்த யூனிட்டில் தைக்கிறார்கள் என்று விசாரித்து, நீங்களே நேரில் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.