"நமக்கென்று சபை இல்லையா?" என்று மகள் கேட்டால்

வாரம் ஒரு சபையாகப் போய்ப் பிரசங்கிக்கும் ஊழியக்காரரான உங்களிடம் மகள் இப்படிக் கேட்டால், பயணத்தை நிறுத்த வேண்டாம். ஒரு சபையைத் தாய்ச்சபையாக, அதாவது உங்கள் குடும்பத்தின் சொந்தச் சபையாக, முடிவு செய்து, மாதத்தில் ஒரு ஞாயிறாவது குடும்பமாக அங்கே போய் உட்காருங்கள். பிரசங்கிக்க அல்ல, உட்கார.

வாரம் ஒரு சபை என்று போவதால், உங்கள் பதினொரு வயது மகள் எங்கும் 'ஊழியக்காரர் பிள்ளை', எங்கும் விருந்தாளி. அவள் கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த பவுலும் பர்னபாவும்கூடத் தங்களை அனுப்பிய அந்தியோகியா சபைக்கே திரும்பி, நடந்ததை அறிவித்து, சீஷரோடு நெடுநாள் தங்கினார்கள் (அப்போஸ்தலர் 14:26-28).

ஞாயிறு பள்ளியில் அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது.

ஆனால் பாடவும் சாட்சி சொல்லவும் மேடையேற்றுவதால்தான் ஒதுங்குகிறாள் என்றால், தாய்ச்சபை மட்டும் போதாது. முதலில் அதை நிறுத்துங்கள்.