நீர்ச்செடி என்ற பெயரில் தரைச்செடி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கடற்கரையில் அழகான கட்டை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. மீன் தொட்டியில் போடலாமா? (குளச்சல்)

பதில்: வேண்டாம். உள்வரை உப்பு ஊறிய கட்டை நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது.

கேள்வி: நீர்ச்செடி என்று சொல்லி லக்கி பாம்பூவும் ஊதா இலைச்செடியும் தந்தார்கள். மூன்றே வாரத்தில் இலை அழுகி, தண்ணீர் நாறி, மீன்களும் செத்துப்போயின. எனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்கிறார் கடைக்காரர். (தக்கலை)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. லக்கி பாம்பூ மூங்கிலே அல்ல, டிராசீனா இனம். வேர் மட்டும் தண்ணீரில் நின்றால் பிழைக்கும். இலை முங்கினால் அழுகத்தான் செய்யும். ஊதா இலைச்செடி பெரும்பாலும் ஹெமிகிராஃபிஸ், தோட்டத்தில் தரையோடு படர்வது. அழுகும் இலை தண்ணீரில் அம்மோனியாவைக் கூட்டும், ஆக்சிஜனைக் குறைக்கும். மீன்கள் செத்தது அதனால் இருக்கலாம். இதே ஊதா இலைக்கு நானும் காசைத் தொலைத்திருக்கிறேன். விற்கும்வரை பச்சையாக நின்றால் போதும் என்று விற்றுவிட்டு, பழியை வாங்கியவர் தலையில் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை செடியைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பாருங்கள். வாலிஸ்னேரியா, வேலம்பாசி போன்ற அசல் நீர்ச்செடிகள் துவண்டு தொங்கும். தண்டு விறைத்து நின்று, இலையில் தண்ணீர் உருண்டு ஓடினால் சந்தேகப்படுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் தொட்டிக்கு ஏற்றவைதான், ஆனாலும் விறைப்பாகத்தான் இருக்கும். அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டு, செடியின் பெயரோடு பில் வாங்குங்கள். பொய் சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடையில் பேசியும் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: செடிக்குக் கரியமில வாயு தரும் சி.ஓ.டூ சிலிண்டர் வாங்கி, விளக்கை 12 மணி நேரம் எரிய விடுகிறேன். எங்கும் பாசி. மண்ணில் நட்ட ஜாவா ஃபெர்னும் அழுகுகிறது. (மார்த்தாண்டம்)

பதில்: எந்தச் செடி வைக்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமலே சிலிண்டர் வாங்குவானேன்? ஜாவா ஃபெர்னுக்கு அது தேவையே இல்லை. அதன் கிழங்குத்தண்டைப் புதைத்தால் அழுகும். கறுப்புத் தையல் நூலால் கட்டையில் கட்டிவிடுங்கள், வேர் தானே பற்றிக்கொள்ளும். கட்டையை நட்டநடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளிச் சாய்த்து வையுங்கள். பின்னால் வாலிஸ்னேரியா, முன்னால் கிரிப்டோகோரைன் செடி. கிரிப்டோகோரைன் இடம் மாறியதும் இலையை உதிர்க்கும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். விளக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும்.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் வெட்டிய கட்டை சும்மா கிடைக்கிறது. தொட்டியில் போடலாமா? (குலசேகரம்)

பதில்: ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், பூஞ்சை பிடித்து அழுகும். நன்றாகக் காய்ந்த கொய்யாக் கொம்பைப் பட்டை உரித்து, தண்ணீரை மாற்றி மாற்றி சில வாரம் ஊறப் போடுங்கள், மிதக்காமல் அடங்கும். தேயிலைச் சாயம் போல நிறம் இறங்குவது டானின் என்ற துவர்ப்புப் பொருள். மீனுக்குக் கெடுதல் இல்லை.

கேள்வி: ஆன்லைனில் 'தூவினால் தொட்டிக்குள் புல்வெளி' என்று விதை விற்கிறார்கள். வாங்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: வாங்காதீர்கள். முளைக்கும், படத்தில் உள்ளதுபோல் நிரம்பவும் செய்யும், அப்புறம் மொத்தமாக அழுகி மேலே மிதக்கும்.