கொழுப்பில்லாமலும் சுருங்கும் தமனி
கொழுப்போ சர்க்கரையோ இல்லாத 35 வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரகத் தமனி ஏன் சுருங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா காரணமாக இருக்கலாம். இந்நோயில் தமனிச் சுவரின் செல்களே முறைதவறி வளர்வதால், குழாய் ஓரிடத்தில் ஒடுங்கி அடுத்த இடத்தில் புடைத்து, ஆஞ்சியோகிராமில் கோத்த மணிமாலை போலத் தெரியும். ரத்தவரத்து குறைந்த சிறுநீரகம், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ரெனின் என்ற நொதியைச் சுரக்க, உடல் முழுவதும் ரத்த அழுத்தம் ஏறுகிறது. கழுத்துத் தமனியில் வந்தால் நாடித்துடிப்போடு ஒத்துக் காதுக்குள் ‘உஸ் உஸ்’ என்று கேட்கலாம். பலர் அதைக் காதுக் கோளாறு என்றே எண்ணிவிடுகிறார்கள். இந்தியாவில் இளம்பெண்களுக்குத் தகயாசு தமனி அழற்சியும் இவ்வாறே அழுத்தத்தைக் கூட்டுவதால், அது இல்லையென்று உறுதிசெய்வதே முதல் வேலை என்பேன். தகயாசுவில் பெரும்பாலும், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவு உயரும், பெருந்தமனியும் பாதிக்கப்படும். டிஸ்பிளேசியாவில் மாத்திரைக்கு அடங்காத அழுத்தத்துக்குப் சுருங்கிய இடத்தைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை செய்வார்கள். குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் பொதுவாகத் தேவைப்படாது.