ஏலத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது: கேள்வியும் பதிலும்

கொங்கு நாட்டில் பழைய கார்களின்மேல் பிரியம் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாகக் கோவையில் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுது பார்த்து வருகிறேன். ஏலங்களுக்குப் போய் வாங்கியும் இருக்கிறேன், வாங்காமல் திரும்பியும் இருக்கிறேன்.

பின்னலாடை ஏற்றுமதி செய்பவர், திருப்பூர்: ஐயா, தொழில் நிமித்தம் அடிக்கடி இங்கிலாந்து செல்கிறேன். ஏலப் பட்டியலில் ஒரு காருக்கு 40,000 பவுண்டு என்று மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். அந்தத் தொகை இருந்தால் போதுமா?

போதாது. பட்டியலில் இருப்பது ஏல நிறுவனத்தின் ஊகம் மட்டுமே. விற்பவர் மனதில் வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை வேறு; அதை ரிசர்வ் என்பார்கள், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். ஏலம் அந்த விலையைத் தொடாவிட்டால் வண்டி விற்காமல் திரும்பிவிடும். ஏலம் 40,000 பவுண்டில் முடிந்து சுத்தியல் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் கட்ட வேண்டிய கட்டணம், அதாவது பிரீமியம், 15 சதவீதம் என்றால் 6,000 பவுண்டு. அந்த 6,000-க்கு அங்கே 20 சதவீத வாட் வரி 1,200 பவுண்டு. ஆக 47,200 ஆகிவிட்டது. வண்டி இன்னும் கூடத்தை விட்டு நகரவில்லை. காப்பீடு, கப்பல் கூலி, துறைமுகச் செலவு எல்லாம் இதற்குப் பிறகுதான். பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் விதிமுறைத் தாளை முதலில் படியுங்கள்.

இங்கிருந்து பணம் அனுப்புவதற்கும் வரம்பு உண்டு. தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரையில்தான் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் அனுப்ப முடியும். இப்படிப்பட்ட செலவுக்கு ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி வசூலித்துவிடும். பிறகு வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும், அன்றைக்குக் கையில் பணம் இருக்க வேண்டும் அல்லவா?

தென்னை விவசாயி, பொள்ளாச்சி: அண்ணா, ஒரு பழைய ஃபெராரி நூற்றுக்கணக்கான கோடிக்குப் போனதாகப் படித்தேன். அரிதாக இருப்பதால்தானே இந்த விலை? இதை முதலீடாக எண்ணலாமா?

நீங்கள் படித்தது ஃபெராரி 250 ஜிடிஓ-வைப் பற்றியதாக இருக்கும். 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 வண்டிகள்தான் செய்தார்கள். அவற்றில் ஒன்று 2018-இல் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2022 மே மாதத்தில் 1955-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. அந்த வகையில் இரண்டே இரண்டுதான் உண்டு. ஆனால் அரிதாக இருப்பது மட்டும் விலையைத் தராது. யாருக்கும் வேண்டாததால் பத்தோடு நின்றுபோன மாடல்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றை எவரும் சீந்துவதில்லை. எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் ஓட்டினார், இன்றைக்கும் பெயர்பெற்ற பழைய கார் ஓட்டங்களில் அதைச் சேர்த்துக்கொள்வார்களா என்பவைதாம் கணக்கு. இத்தாலியின் மில்லே மிலியா ஓட்டத்தில், 1927 முதல் 1957 வரை நடந்த பழைய பந்தயத்தில் பங்கெடுத்த மாடல்களுக்குத்தான் இடம் என்பதாலேயே சில சிறிய கார்கள்கூட நல்ல விலை போகின்றன.

முதலீடாக எண்ணாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். 1988-இல் என்ஸோ ஃபெராரி காலமானதும் அவருடைய கார்களின் விலை கிறுகிறுவென்று ஏறியது. 1990-ஐத் தாண்டியதும் பாதியும் அதற்குக் கீழுமாகச் சரிந்தது. தேங்காய் விலை விழுந்தாலும் மரம் அடுத்த காய்ப்பைத் தரும். கார் அப்படித் தராது, நிற்கிற நாளெல்லாம் செலவு வைக்கும். ஓட்டவும் பார்க்கவும் ஆசை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பொறியியல் மாணவி, ஈரோடு: ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று சொல்கிறார்களே, அது என்ன? அதை எப்படிச் சரிபார்ப்பது?

அம்மணி, இந்தத் தொழிலின் உயிர்நாடியைக் கேட்டிருக்கிறாய், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது எந்தச் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், எந்த எஞ்சின், எந்த கியர் பாக்ஸ், எந்த பாடி இருந்ததோ அவையே இன்றும் இருந்தால் எண்கள் பொருந்துகின்றன என்று பொருள். ஜாகுவார் எக்ஸ்கே 120-ஐ எடுத்துக்கொள். 1948-இல் வந்த வண்டி அது. முதல் 240 சொச்சம் வண்டிகளுக்கு அலுமினியப் பாடி, அதன் பிறகு எஃகுப் பாடி. இந்த எண்கள் எல்லாம் ஒரு தகட்டில் பொறிக்கப்பட்டு எஞ்சின் அறையில் இருக்கும். ஜாகுவாரின் மரபு அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்டால் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, அசல் எண்கள், முதல் நிறம், எந்த விற்பனையாளருக்கு எப்போது அனுப்பினார்கள் என்பது வரைக்கும் சான்றிதழ் தருவார்கள். ஃபெராரிக்கு அதன் தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோவில் இதே வேலையைச் செய்யும் தனிப்பிரிவு உண்டு.

ஆனால் தகடு திருகாணியில் நிற்பது, கழற்றி மாட்டக்கூடியது. அதனால் இரும்பில் அடித்த எண்ணைத்தான் நான் முதலில் தேடுவேன். இங்கிலாந்தில் ஒரு ஏலத்துக்கு முந்தின பார்வை நாளில், கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் ஓர் எக்ஸ்கே 120 நின்றது. தகடும் சான்றிதழும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. வண்டிக்கு அடியில் படுத்துச் சேஸிஸைப் பார்த்தேன். எண் இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் மற்ற இடத்தைவிடத் தடித்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது அந்தப் பெயிண்டுக்குக் கீழே அரம் போட்ட கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரிந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் மற்றவற்றைவிட ஆழமாகவும் சற்றே சாய்ந்தும் விழுந்திருந்தன. பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நான் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வண்டி அன்று விற்றது. வாங்கியவர் அடியில் படுத்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துக்கொள். எஃகுப் பாடி எக்ஸ்கே 120-இலும் கதவு, பானெட், டிக்கி மூடி ஆகியவை அலுமினியமே. கதவில் காந்தம் ஒட்டினால் அது பிற்காலக் கதவு. மட்கார்டில் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாவிட்டால் அங்கே துரு தின்ற பள்ளத்தைப் பட்டி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வியாபாரிகள் மாதிரிக் கிழங்கை ஒடித்து உள்நிறத்தைப் பார்த்த பிறகுதான் சீட்டில் விலை எழுதுகிறார்கள், இல்லையா? காரை ஒடிக்க முடியாது, காந்தம் அந்த வேலையைச் செய்யும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரான்ஸின் லெ மான் கார் பந்தயத்தை 1929-லும் 1930-லும் வென்ற பென்ட்லியைப் பற்றி 1990-இல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்தவர்கள், வெற்றி பெற்ற நாளில் இருந்த பாகங்கள் ஏறக்குறைய எதுவுமே அதில் மிஞ்சவில்லை என்று சொல்லிப் பின்வாங்கினார்கள். அந்தக் கார் இடையில் அறுபடாமல் ஒரே வண்டியாக வாழ்ந்து வந்திருக்கிறது, ஆகவே அது அதே கார்தான் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். எண்களோடு வரலாறும் அறுபடாமல் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

லேத் பட்டறை வைத்திருப்பவர், கணபதி, கோவை: கிடைக்காத பாகங்களை நாமே கடைந்து போட்டால் மதிப்புக் குறையுமா?

தேயும் பாகங்களை, அதாவது புஷ், வால்வு கைடு, பின் போன்றவற்றை, தாராளமாகச் செய்து போடலாம். நம் ஊர்ப் பட்டறைகளின் கைத்திறத்துக்கு நிகரானதை நான் வெளிநாட்டில் அதிகம் பார்த்ததில்லை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். எம்ஜி டிசி காரின் 1,250 சிசி எஞ்சினில் போல்ட்டின் தலைக்குப் பழைய ஆங்கிலேய அளவான விட்வொர்த் ஸ்பானர்தான் பொருந்தும், ஆனால் மரை மெட்ரிக். அந்த மெட்ரிக்கும் நாம் கடையில் வாங்குவது அல்ல, 8 மி.மீ. போல்ட்டுக்கு மரைக்கு மரை உள்ள இடைவெளி, அதாவது பிட்ச், வழக்கமான 1.25 மி.மீ.க்குப் பதிலாக 1.0 மி.மீ. விவரம் தெரியாத ஒருவர் ஓட்டை பழுதாகிவிட்டது என்று எண்ணி, மரை வெட்டும் 1.25 டேப்பை விட்ட எஞ்சின் பிளாக் ஒன்று என் பட்டறைக்கு வந்தது. ஒவ்வோர் ஓட்டையையும் பெரிதாக்கி ஸ்லீவ் போட்டுச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. கழற்றிய பழைய பாகம் எதையும் எடைக்குப் போடாமல், எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்து வண்டியோடு கொடுங்கள். விலையை அந்தப் பெட்டியும் கூட்டும்.

இல்லத்தரசி, கோபிசெட்டிபாளையம்: எங்கள் அப்பச்சியின் எம்ஜி கார் தோட்டத்துச் சாளையில் நாற்பது ஆண்டுகளாக நிற்கிறது. ஏலத்துக்கு அனுப்பும் முன் பெயிண்ட் அடித்துவிடலாமா?

தயவுசெய்து அடிக்க வேண்டாம், கழுவக்கூட வேண்டாம் அம்மணி. நின்ற நிலையிலேயே நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள். பிறகு வீட்டில் ஆர்.சி. புத்தகம், பழைய இன்சூரன்ஸ் சீட்டு, பெட்ரோல் ரசீது, காரோடு எடுத்த கல்யாணப் படம், டூல் பெட்டி என்று எது அகப்பட்டாலும் சேர்த்து வையுங்கள். பிரான்ஸில் ஒரு குடும்பத்தின் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்த கார்களை 2015-இல் பாரிஸில் ஏலம் விட்டார்கள். பத்திரிகைக் கட்டுகள் மேலே குவிந்துகிடந்த ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடரை அந்தத் தூசியோடேயே 1.6 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். புதுப் பெயிண்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். உங்கள் அப்பச்சி காலத்துப் பெயிண்டைத் திரும்பக் கொண்டுவர யாராலும் ஆகாது.

கைத்தறித் துணி வியாபாரி, கரூர்: ஏலக் கூடத்தில் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதே. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது இரண்டே பேருக்குத்தான் அது தெரியும், யோசிக்கவும் நேரம் கிடைக்கும். ஏலக் கூடத்தில் ஊரே பார்க்க நொடியில் விலை ஏறும். 2019-இல் மான்டெரேயில் 1939-ஆம் ஆண்டின் போர்ஷே டைப் 64 ஏலத்துக்கு வந்தபோது, ஏலம் விட்டவர் 13 மில்லியன் டாலர் என்று சொன்னது ஆங்கில உச்சரிப்பில் 30 என்று விழ, திரையில் தொகை 70 மில்லியன் வரை ஏறிவிட்டது. பிறகு 17 என்று திருத்தியதும் கூடத்தில் கூச்சல் எழுந்தது. கார் விற்கவே இல்லை. உங்கள் உச்ச விலையைப் பிரீமியத்தோடு கணக்கிட்டு, முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதி, உடன் வருபவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணைத் தாண்டினால் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கே கொடுங்கள்.

அரிசி ஆலை உரிமையாளர், காங்கேயம்: வண்டியை இங்கே பதிவு செய்ய என்ன விதி?

இறக்குமதி விதி அவ்வப்போது மாறுவதால், ஏலத்துக்கு முன்பே சுங்க முகவரிடம் அன்றைய நிலையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பதிவைப் பொறுத்தவரை 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. முன்பே எண் பெற்ற வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம்.

மருத்துவர், கோவை: என் எம்ஜி டிசி சில மாதம் நின்றாலே கார்புரேட்டர் ஒழுகுகிறது. ஏன்?

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். 1940-களின் ரப்பரையும் கார்க்கையும் ஊற வைத்துக் கரைக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸை டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும் மாற்றி, எஸ்யு கார்புரேட்டரின் ஜெட் சீல்களையும் அதற்கேற்றவையாகப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால், டேங்கிலிருந்து பெட்ரோல் வருவதை நிறுத்திவிட்டு, கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையில் உள்ள பெட்ரோல் தீரும்வரை எஞ்சினை ஓட விடுங்கள். அடுத்த ஞாயிறு காலையில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் சீலை நானே மாற்றித் தருகிறேன். கழற்றும் பழைய ஜெட்களை மட்டும் மறக்காமல் வாங்கிச் செல்லுங்கள்.